எல்லைக்குள் இருந்தும் எல்லைக்கு வெளியே

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து பல்கலைக்கழகத்தில் கற்கும் மாணவர் சிலரை அழைத்து, "உங்கள் நாட்டைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். எங்களுள் ஒருவர் எழுத, மற்றையோர் கூட்டியும் குறைத்தும் திருத்த, இவ்வுரை உருவாயிற்று. ஆதலால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். 'உங்கள் நாடு' என்ற சொல்லைச் சங்கத்தார் அன்போடுதான் வழங்கினர். ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா ஒரு நாட் பயணமே. இடையிற் கடல் ஏதும் இல்லை. ஒரு தீவுக்குள்ளே உங்கள் நாடு, எங்கள் நாடு என்ற பேச்சு எங்ஙனம் வந்தது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதுவே இன்றைய பேச்சுக்குப் பொருளாகிவிட்டது.

எல்லை என்றதும் இங்கேயுள்ள பெரியோர்களுக்கு வேலியும் கதியாலும் நினைவுக்கு வரும். ஒரு கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டால் அது வழக்காகி, அவ்வழக்குப் பேரன் காலம் வரையும் நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். (வழக்கறிஞர் யாரேனும் சபையில் இருந்தால் மன்னிக்க வேண்டும்.) ஆனால் அந்த வேலி பிரிப்பது காணியை மாத்திரமே. வேலிக்கு இப்பால் இருப்பவருக்கும் அப்பால் இருப்பவருக்கும் விதானையார் ஒருவரே, கச்சேரி ஒன்றே. பிறிதொரு வகை எல்லை உண்டு. அது காணியை மட்டும் பிரிப்பதில்லை. இன்னாருடைய முறைப்பாட்டுக்கு இன்னார் பதில் சொல்ல வேண்டும் என்பதையும், இன்னாருக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. எங்கள் மக்களைச் சுற்றி விழுந்த எல்லைகள் அத்தன்மையானவை.

ஆங்கிலேயர் 1815 இல் கண்டியைக் கைப்பற்றினர். 1833 இல் தீவு முழுவதையும் ஐந்து மாகாணங்களாகப் பகுத்தபொழுது, பழைய கண்டி இராச்சியத்தைப் பல துண்டுகளாக்கி வெவ்வேறு மாகாணங்களோடு ஒட்டினர். நுவரகலாவிய வட மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. கண்டியர் தாம் ஒரு மக்கள் என்ற எண்ணத்தை மறக்கவேண்டும் என்ற நோக்கமும் அதில் இருந்தது. அந்த ஐந்து பின்னர் ஒன்பதாகி, 1889 இல் இன்றைய மாகாண அமைப்பு நிறைவு பெற்றது. கோடு கீறப்பட்டபொழுது சிங்கள மக்களும் நொந்தனர் என்பதற்காகவே இதைச் சொன்னோம். அவர்களுக்கு 1840 இல் இன்னும் ஓர் இடி விழுந்தது. உறுதி காட்ட இயலாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவை என அவ்வாண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. அந்நிலங்களே கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களாயின. மாடு மேய்த்த இடத்தை இழந்த கிராமத்தவர் ஒரு பக்கம். அவ்விடத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர் மறு பக்கம். நடுவிலே தோட்டத்தின் எல்லைக் கல். ஒருவரை ஒருவர் அறிவதற்கு முன்னரே இரு சாராரும் பகைவராக நிறுத்தப்பட்டனர்.

அந்த எல்லைக் கல்லுக்கு உள்ளே நடந்தது என்ன? கிராமத்தில் ஓர் ஆரச்சி இருந்தான். பின்னர் 1963 இல் அவனுடைய இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார். தோட்டத்தில் இவர்கள் எவரும் ஆட்சி செய்யவில்லை. துரை இருந்தார். வேலை கொடுப்பவரும் அவரே. குடியிருக்க லயன் காம்பரா கொடுப்பவரும் அவரே. பாடசாலையும் வைத்தியமும் நெடுங்காலம் அவர் கையிலேயே இருந்தன. தோட்டம் தனியார் நிலமாதலால், அவருடைய அனுமதியின்றி உள்ளே கால் வைப்பது அத்துமீறல் ஆயிற்று. கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் புகுவதற்காகப் புடைவை வியாபாரி வேடம் பூண்டார் என்று எங்கள் பாட்டன்மார் சொல்லுவர். தம் மக்களைப் பார்க்க ஒரு தலைவர் வேடம் போட்டுச் செல்ல வேண்டியிருந்த நிலத்தை, தீவுக்குள் ஒரு தீவு என்று சொல்வதில் மிகையில்லை. சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் நகரம், கிராமம் என்னும் இரண்டோடு தோட்டம் என்று மூன்றாவது பகுதி ஒன்று வந்தது. 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும் அதிற் குடியிருக்கும் பத்துத் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டம்! மனிதர் வாழும் இடத்துக்கு நிலத்தின் பரப்பைக் கொண்டும் கூலிகளின் தொகையைக் கொண்டும் இலக்கணம் சொன்ன விநோதத்தை வேறெங்கும் காண்பது அரிது.

எங்களுட் பலர் கற்றது பாதிரிமார் தொடங்கிய மிஷன் பாடசாலையிலே. வகுப்பறைச் சுவரில் இலங்கைப் படம் ஒன்று தொங்கியது. ஒன்பது மாகாணங்களுக்கும் ஒன்பது வர்ணம். பூமிசாஸ்திர ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுந்து போய்த் தத்தம் ஊரைத் தொட்டுக் காட்டச் சொன்னார். நகரத்துப் பிள்ளைகள் எளிதாகக் காட்டினர். நாங்கள் புகையிரதப் பாதையைத் தடவிக்கொண்டு போய், ஒரு ஸ்டேஷனில் விரலை வைத்து, "இங்கேயிருந்து மேலே ஏறவேண்டும், சேர்" என்றோம். உன் கிராம சேவகர் பிரிவு யாது என்று ஆசிரியர் கேட்டதற்கு ஒருவருக்கும் விடை தெரியவில்லை. டிவிஷன் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம்: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பழைய தோட்டம், புதுத் தோட்டம். கணக்கப்பிள்ளை ஆள் பிரிக்கும் டிவிஷன்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆட்சிப் பிரிவு. அதே பாடசாலையில் வேத பாடவேளையில், அயலவன் யார் என்பதை விளக்கும் உவமைக் கதையையும் படித்தோம். சைவப் பிள்ளைகளாகிய எங்களுக்கும் அக்கதை நன்கு மனத்திற் பதிந்தது. ஆனால் கிராமமும் தோட்டமும் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றுக்கொன்று ஏன் அயலாகவில்லை என்ற ஐயம் மட்டும் தீரவில்லை.

விலாசம் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே உங்கள் வீட்டுக்கு இலக்கம் உண்டு. ஒழுங்கைக்குப் பெயர் உண்டு. தபாற்காரர் படலையில் மணி அடிக்கிறார். தோட்டத்திலோ, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு விலாசம் ஒன்றே. தோட்டத்தின் பெயரும் அதன் கீழே நகரத்தின் பெயரும், அவ்வளவுதான். கடிதங்கள் கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாராவது பிரித்து, யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் வந்து சேரும். ஒரே தோட்டத்தில் நாலு இராமசாமி இருந்தால், வந்த கடிதம் எந்த இராமசாமிக்கு என்று தேர்ந்தெடுப்பது ஒரு கலை. எங்களுள் ஒருவருடைய அக்காவுக்கு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். கடிதம் ஆபீஸ் மேசையிற் கிடந்து, பரீட்சை முடிந்து நாலாம் நாள் லயத்துக்கு வந்தது. அவர் அழவில்லை. மறுநாட் காலை தாயாரோடு கொழுந்துக்குப் போனார், இன்றும் போகிறார். அவருடைய தம்பி எங்களோடு இந்த மண்டபத்தில் இருக்கிறார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கிராமத்து ஏழைக்குச் சிறிதாவது ஆட்சியில் பங்கு கொடுத்தவை கிராமச் சங்கங்கள். 1937 இல் அச்சங்கங்களின் சட்டம் திருத்தப்பட்டபொழுது, தோட்டங்களில் வாழும் தொழிலாளருக்கு அவற்றின் தேர்தலில் வாக்கு இல்லை என்றாயிற்று. தோட்டத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறதே, அவர்களுக்குக் கிராமச் சங்கம் எதற்கு என்பது வாதம். ஐம்பது ஆண்டு கழித்து 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. இப்போது வாக்கு உண்டு. எங்கள் பெரியப்பன்மார் சபை உறுப்பினராகவும் வந்தனர். ஆனால் அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை தன் பணத்தைத் தோட்ட நிலத்துக்குள் செலவிட வழி வைக்கவில்லை. தோட்டத்து மக்களின் வாக்கால் தெரிவானவர், தாம் பிறந்த லயத்துக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்க இயலாது. ஒரே றோட்டிலே தார் போட்ட பகுதி எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் சேறும். பிரசவ வேதனைப்பட்ட பெண்களை லொறியிலும், லொறி கிடையாத நாளில் கம்பளியில் கட்டித் தோளிலும் தூக்கிச் சென்ற பாதைகள் அவை. இப்பிரிவைப் பாராளுமன்றம் திருத்தியது 2018 இலேதான். 31 ஆண்டுகள்.

தேர்தல் தொகுதிகளின் கதை இதனிலும் விந்தையானது. சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். சோல்பரி அரசியலமைப்பின்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதனோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று கணக்கிட்டுத் தொகுதிகள் வகுத்தனர். 'பேர்' என்றால் ஆட்கள், வாக்காளர் அல்லர். 1946 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எங்கள் மக்கள் 7,80,000 பேர் அளவில் இருந்தனர்; தீவின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். அவர்களையும் சேர்த்து எண்ணியதால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர். அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் 48 ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையையும் கொண்டுபோயிற்று. பிரஜையாகப் பதியும்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயும், ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் காங்கிரசுக்கு மிஞ்சவில்லை.

ஆட்கள் போய்விட்டனர் என்றால் ஆசனங்களும் குறையத்தானே வேண்டும்? அதுதான் இல்லை. ஆசனங்கள் நின்றன. 1959 ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்திலும் நாடற்றவரையும் சேர்த்தே ஆட்களை எண்ணினர். அதனால் கண்டிப் பகுதிகளுக்குக் கிடைத்த மேலதிக ஆசனங்களை, இடாப்பிற் பெயர் உள்ளவர்கள் மட்டும் வாக்களித்து நிரப்பினர். எங்கள் பாட்டியும் ஒரு தலையாக எண்ணப்பட்டார். அத்தலையின் பெயரால் ஓர் ஆசனத்தின் பங்கு உண்டாயிற்று. அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்று மட்டும் அவரைக் கேட்கவில்லை. எல்லைக்கு வெளியே தள்ளுவதை விட, உள்ளே வைத்து எண்ணிவிட்டு வாயைக் கட்டுவது கொடிது என்பது எங்கள் எண்ணம்.

அப்பொழுது 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துப் பாதி பாதியாகப் பகிர்ந்தனர். சகோதரர் பிரிந்த கதைகளை இங்கே சொல்லத் தொடங்கினால் கூட்டம் முடியாது. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் ஒருவாறு நீங்கியது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால். தொண்டமான் மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் சென்றது 1977 இல். நுவரெலியா – மஸ்கெலியாவை மூன்று அங்கத்தவர் தொகுதியாக வகுத்திருந்ததால் அது கைகூடியது. கோடு கீறுவோரின் மனம் வேறாயின் அதே பேனா வேறு விதமாகவும் ஓடும் என்பதற்கு இது சான்று.

இன்றைய நிலைக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பின்போது தீவில் 331 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. சராசரி எடுத்தால் ஒன்றுக்கு 61,000 பேர் அளவில் வரும். எங்கள் மக்கள் அரைப்பங்குக்கு மேலாக வாழும் நுவரெலியா மாவட்டத்தில் 7,11,000க்கு மேற்பட்டோருக்கு ஐந்து பிரிவுகளே இருந்தன. அவற்றுள் தோட்டங்கள் மிகுந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேல்; மற்றைய மூன்றும் சேர்ந்தே மூன்று இலட்சத்துக்குக் குறைவு. இதே காலத்தில் நெடுந்தீவுப் பிரிவில் 4,000 பேர் கூட இல்லை. நெடுந்தீவாருக்குத் தனிச் செயலகம் இருப்பது முற்றிலும் நியாயம். பிறப்புப் பத்திரத்துக்காக அவர்கள் கடல் கடக்கலாகாது. ஆனால் பொகவந்தலாவையிலிருக்கும் தொழிலாளிக்கு மலை கடல் போன்றதே. அக்காலத்தில் அவர் ஹட்டனுக்கு இறங்கி, அங்கிருந்து கினிகத்தேனைக்கு வேறு பஸ் பிடித்து, அம்பகமுவ செயலகத்தின் வரிசையில் நின்று, உரிய உத்தியோகத்தர் இல்லை, நாளை வா என்று கேட்டுத் திரும்பினால், ஒரு நாட் சம்பளம் போயிற்று. அன்றைய பேர் இல்லை. 1999 இல் அம்மாவட்டத்துப் பிரிவுகளில் தமிழையும் நிருவாக மொழியாக அறிவித்தார்கள். அறிவித்தது காகிதத்தில், கவுண்டருக்கு அப்பால் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருப்பது அதிட்டம்.

பல காலக் கோரிக்கைக்குப் பின் பிரதேச சபைகளில் ஒரு மாற்றம் வந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகளையும் ஆறாக்கி, 2018 பெப்ரவரியில் தேர்தல் நடத்தினர். அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்ற பெயர்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்த பெயர்கள். அவை சபைகளின் பெயர்ப்பலகையில் ஏறியதைக் கண்டு எங்கள் வீடுகளில் மகிழ்ந்தனர். செயலகங்களின் விடயத்திலோ, 2019 இல் ஐந்தைப் பத்தாக்கினர். ஆனால் எப்படி? ஐந்தில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து. ஆறு பேருக்கு ஓர் அகப்பையும், மூன்று பேருக்கு ஓர் அகப்பையுமாகக் கஞ்சி வார்த்த வீட்டில், இரு பக்கத்துக்கும் இன்னும் ஒவ்வோர் அகப்பை வார்த்தால் எல்லாருடைய வயிறும் முன்னையிலும் நிறையும், மறுக்கவில்லை. ஆறு பேர் பக்கத்தில் தலைக்குக் கிடைப்பது அப்பொழுதும் மற்றவர் பங்கிற் பாதிதான். இந்தக் கணக்குப் புரியாதவர் கச்சேரியில் ஒருவரும் இல்லை.

நிற்க. இவ்வளவையும் கொழும்பிலிருந்து ஆண்டவர்கள் செய்த அநியாயம் என்று சொல்லி உங்களிடம் கைதட்டல் பெற்றுப் போவது எளிது. அது உண்மையிற் பாதியே. பெரியோர்கள் பொறுக்க வேண்டும்.

1911 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து தமிழரை இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் இரு நிரல்களில் எழுதி வந்தனர். அந்தக் கோட்டை வெள்ளையர் கீறினர். அதை அழிக்க நாம் பெரிதாக முயலவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள், அமைச்சரவையில் அமர்ந்தபின், இந்தியரும் பாகிஸ்தானியரும் பிரஜைகளாகப் பதிவது பற்றிய மறு சட்டத்தை ஆதரித்தார். அதனால் மனம் வேறுபட்டுப் பிரிந்த செல்வநாயகம் அவர்களும் பிறரும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். இரு பக்கத்து நியாயங்களையும் இந்த மண்டபத்தில் எங்களிலும் நன்கு அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே: எங்கள் மக்களின் பெயரைச் சொல்லி ஒரு கட்சி பிரிந்தது, இன்னொரு கட்சி பிறந்தது, லயத்திலிருந்தவர்கள் நாடற்றவராகவே இருந்தனர்.

1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் அடிபட்டு, மலையிலிருந்து இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி வந்தவர்கள் பல்லாயிரவர். காந்தியம் போன்ற அமைப்புக்கள் அவர்களைக் குடியேற்ற உழைத்தன. வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களை நன்றியோடு நினைக்கும் குடும்பங்கள் இன்றும் வன்னியில் உண்டு. தமிழ் மண்ணுக்கு வந்துவிட்டோம், இனி எல்லைக் கல் இல்லை என்று அவர்கள் எண்ணினர். காடு வெட்டினர், கமக்காரருக்குக் கூலியாயினர், போரிலே பிள்ளைகளைக் கொடுத்தனர். ஊராரின் வாயில் அவர்கள் பெயர் 'தோட்டக்காட்டார்' என்றே நின்றது. எங்களுள் இருவர் முதலாம் ஆண்டில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் ஓர் அறை வாடகைக்குக் கேட்டுச் சென்றனர். வீட்டுக்கார அம்மா உள்ளே அழைத்து இருத்தி, தேத்தண்ணீரும் கொடுத்தார். ஊர் எது தம்பி என்று கேட்டார், சொன்னார்கள். அறை முதல் நாளே பேசி முடிந்துவிட்டதாம். கொடுத்த தேத்தண்ணீரின் தேயிலை எந்த ஊர் என்று கேட்க எங்கள் நண்பர்களுக்கு வாய் வந்ததாம். குடித்துவிட்டு எழுந்து வந்தனர்.

இவ்வுரைக்கு ஆயத்தம் செய்தபோது, கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றுக்கு நாங்கள் போயிருந்தோம். 1977 இல் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த ஒரு மூதாட்டியார் முற்றத்தில் பாய் விரித்து இருக்கச் சொன்னார். ஊர் எது என்று கேட்டால் இன்றும் தாம் விட்டு வந்த தோட்டத்தின் பெயரையே சொல்கிறார். அவருக்கு இப்பொழுது கிராம அலுவலர் உண்டு. வீட்டுக்கு இலக்கம் உண்டு. கடிதம் நேரே படலைக்கு வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் அந்தக் காணிக்கு உறுதி மாத்திரம் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து பழைய துண்டுகளை எல்லாம் எடுத்து எங்கள் முன் வைத்தார்: குடும்ப அட்டை, அகதி முகாம் அட்டை, யாரோ ஓர் உத்தியோகத்தர் கையெழுத்திட்ட மங்கிய காகிதம். அவற்றுள் எது செல்லும், எது செல்லாது என்று சொல்ல எங்களுக்குச் சட்டம் தெரியாது. அந்த ஒழுங்கையில் அவரைப் போன்ற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. காணிச் சட்டம் அறிந்த சங்க உறுப்பினர் இருவர் மூவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வரச் சம்மதித்தால், போய்வருவதற்கான ஒழுங்குகளை நாங்கள் செய்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாயிலருகே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.